கோணத்தை அளந்தவர்களும் திருத்தியவர்களும்

இயற்பியல் பிராக்டிக்கல் நோட்டில் பொய்யைக் கண்டுபிடிக்க விடையைப் பார்க்க வேண்டியதில்லை. ‘வெர்னியர் இரண்டு’ என்று தலைப்பிட்ட பத்தியைப் பார்த்தால் போதும். நிறமாலைமானியின் வட்டத்தட்டில் இரண்டு வெர்னியர்கள் எதிரும் புதிருமாக, 180 பாகை தள்ளி அமைந்திருக்கும். தட்டின் மையமும் தொலைநோக்கி சுழலும் அச்சும் மயிரிழை விலகியிருந்தாலும் ஒரு பக்கத்து ரீடிங் கூடும், மறுபக்கத்து ரீடிங் குறையும். இரண்டையும் சராசரி எடுத்தால் பிழை அடிபட்டுப் போகும். அதற்காகத்தான் இரண்டு. பல பேர் கைபட்ட கருவியில் இரண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கலை (மினிட்), இரண்டு கலை முன்னே பின்னே இருந்தே தீரும். பக்கம் முழுக்க அது பிசகாமல் 180 பாகையாகவே இருந்தால், பையன் இரண்டாவது வெர்னியரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, முதல் ரீடிங்கோடு 180ஐக் கூட்டி எழுதிவிட்டான் என்று அர்த்தம்.

ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து, அதே ஆய்வகத்திலேயே ஓய்வு வயதை எட்டியவன் நான். ஒளியியல் சோதனைகள் என் பொறுப்பு. கண்ணாடிப் பாளமும் குண்டூசியும், சோடியம் விளக்கும் முப்பட்டகமும், இவற்றோடுதான் என் உத்தியோக காலம் போயிற்று. இந்தச் சோதனைகளின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஒளி எப்படி எதிரொளிக்கிறது, எப்படி விலகுகிறது என்று அளந்த வரலாறு, ரீடிங்கை இருக்கிறபடி எழுதியவர்களுக்கும் அழகுபடுத்தி எழுதியவர்களுக்கும் இடையே நடந்த இழுபறியின் வரலாறு. அந்த இழுபறியில் விஞ்ஞானம் இழந்தது கொஞ்ச காலம் அல்ல. சுமார் 1,500 ஆண்டுகள்.

எதிரொளிப்பு தகராறு இல்லாத விஷயம். கண்ணாடியில் எந்தக் கோணத்தில் ஒளி விழுகிறதோ அதே கோணத்தில் திரும்புகிறது என்பது கிரேக்கர்களுக்கே தெரியும். அலெக்சாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹீரோ என்பவர், ஒளி அப்படித் திரும்புவதால்தான் அது கடக்கும் பாதை மிகக் குறுகியதாக இருக்கிறது என்று வடிவியலால் நிறுவியும் விட்டார். இரண்டு கோணங்களும் சமம் என்பதைக் கண்டுகொள்ள அட்டவணை எதற்கு?

விலகல் அப்படி அல்ல. தண்ணீரில் செருகிய கோல் ஒடிந்தாற்போலத் தெரிவது எல்லோரும் அறிந்தது. எவ்வளவு ஒடிகிறது என்பதுதான் கேள்வி. இதை முறையாக அளந்து, எண்களை அட்டவணையாகத் தந்தவர்களில் நமக்குக் கிடைக்கிற முதல் ஆள் தாலமி. அலெக்சாந்திரியாவில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வானியலாளர். அவருக்கு இதில் தொழில்முறை அக்கறையும் இருந்தது. அடிவானத்துக்குப் பக்கத்தில் தெரியும் நட்சத்திரங்கள் காற்றுமண்டலத்தின் விலகலால் இடம் மாறித் தெரிகின்றன என்பதை அவர் உணர்ந்திருந்தார். அடிவானத்தில் இந்த மாற்றம் அரைப் பாகைக்கும் சற்று அதிகம். மாலையில் சூரியனின் கீழ்விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் பார்க்கிற நேரத்தில், உண்மையான சூரியன் கிட்டத்தட்ட முழுவதுமே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும்.

தாலமி செய்த சோதனையைப் படிக்கும் எந்த இயற்பியல் ஆசிரியருக்கும் அது பழகிய சோதனையாகத் தோன்றும். விளிம்பைச் சுற்றி 360 பாகை குறித்த வெண்கலத் தட்டு. அதைச் செங்குத்தாக நிறுத்தி, சரிபாதி நீருக்குள் இருக்கும்படி வைத்தார். மையத்தில் ஒரு நிறக்குறி. நீருக்கு மேலே விளிம்பில் இன்னொரு குறி. கண்ணை விளிம்பில் வைத்து, இரண்டு குறிகளும் ஒரே கோட்டில் தெரியும்படி பார்த்துக்கொண்டே, நீருக்குள் இருக்கும் விளிம்பில் மூன்றாவது குறியை நகர்த்தினார். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்ததும் நிறுத்தி, பாகையைப் படித்தார். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிப் பாளத்தை வெள்ளைத்தாளின் மேல் வைத்து, இந்தப் பக்கம் இரண்டு குண்டூசி, அந்தப் பக்கம் இரண்டு குண்டூசி என்று நாம் குத்த வைக்கிறோமே, அதன் மூதாதை இதுதான்.

காற்றிலிருந்து நீருக்கு அவர் தந்த அட்டவணையைச் சொல்கிறேன். படுகோணம் 10 பாகைக்கு விலகுகோணம் 8. 20க்கு 15½. 30க்கு 22½. 40க்கு 29. 50க்கு 35. 60க்கு 40½. 70க்கு 45½. 80க்கு 50.

இப்போது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். 7½, 7, 6½, 6, 5½, 5, 4½. ஒவ்வொரு படியிலும் அச்சடித்தாற்போல அரைப் பாகை குறைகிறது. தண்ணீரையும் வெண்கலத்தையும் மனிதக் கண்ணையும் வைத்து அளந்த எண்கள் இப்படி அணிவகுத்து நிற்காது. வெர்னியர் இரண்டின் பத்தியைப் பார்த்ததும் எனக்கு வருகிற அதே சந்தேகம்தான் இந்தப் பத்தியைப் பார்த்தபோதும் வந்தது. வரலாற்றாசிரியர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். தாலமி சில கோணங்களை உண்மையாகவே அளந்திருக்கிறார்; பிறகு தன் மனத்தில் இருந்த ஒரு விதிக்கு ஏற்ப எண்களைச் சீர் செய்திருக்கிறார்.

எந்த எண்கள் உண்மை, எவை திருத்தம் என்பதை இன்று எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படுகோணத்தின் சைனை விலகுகோணத்தின் சைனால் வகுத்தால் நீருக்கு எப்போதும் 1.33 வர வேண்டும். தாலமியின் 40, 50, 60 பாகை வரிகளை வகுத்தால் 1.326, 1.336, 1.333 என்று வருகிறது. அசந்து போகிற துல்லியம். 10 பாகை வரியை வகுத்தால் 1.25, 80 பாகை வரியில் 1.29. நடுவில் நேர்மையும் இரண்டு ஓரங்களிலும் ஒப்பனையும் தெரிகிறது. 80 பாகைக்கு விலகுகோணம் உண்மையில் 47½ பாகைக்குச் சற்றே அதிகம். அவர் 50 என்று எழுதியிருக்கிறார்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. சைன் விதியைக் கண்டுபிடிக்கத் தேவையான கணிதம் தாலமியின் கையிலேயே இருந்தது. அவருடைய புகழ்பெற்ற வானியல் நூலான ‘அல்மஜெஸ்ட்’டில் வட்டத்தின் நாண்களுக்கு அரைப் பாகைக்கு ஒன்றாக அட்டவணை போட்டிருக்கிறார். ஒரு கோணத்தை இரட்டித்து அதற்குரிய நாணைப் பாதியாக்கினால் அதுதான் சைன். அளந்தது அளந்தபடி இருந்து, நாண் அட்டவணையையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்த்திருந்தால், விதி அன்றைக்கே கிடைத்திருக்கலாம்.

தாலமியின் ‘ஒளியியல்’ நூலின் கிரேக்க மூலம் அழிந்துவிட்டது. அரபியில் பெயர்க்கப்பட்டு, அந்த அரபியிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் சிசிலியின் யூஜினியஸ் என்பவர் லத்தீனில் செய்த மொழிபெயர்ப்புதான் நமக்கு மிஞ்சியது. அதிலும் முதல் பாகம் இல்லை, கடைசிப் பாகத்தின் முடிவும் இல்லை.

அரபு மொழியில் எழுதிய அறிஞர்கள் இரண்டு பேரை இங்கே தனித்துச் சொல்ல வேண்டும். பாக்தாதில் 984 வாக்கில் எழுதிய இப்னு சால், சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவித்து எரிக்கும் லென்சுக்கு எந்த வளைவு வேண்டும் என்று ஆராய்ந்தவர். அதற்காக அவர் வரைந்த செங்கோண முக்கோணங்களில் இரண்டு பக்கங்களின் விகிதம் மாறாமல் நிற்கிறது. அது சைன் விதியேதான். இந்தக் கையெழுத்துப் படி டமாஸ்கஸிலும் தெஹ்ரானிலுமாகப் பிரிந்து கிடந்தது. ரோஷ்டி ராஷெத் என்ற வரலாற்றாசிரியர் இரண்டையும் பொருத்தி, 1990இல் உலகுக்குச் சொன்னார். அடுத்த தலைமுறையில் வந்த இப்னு அல்-ஹைதம் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய ஒளியியல் நூலின் கடைசிப் பாகம் முழுவதும் விலகலைப் பற்றியது. கருவியை எப்படிச் செய்வது, எங்கே துளை போடுவது, நீருக்குள் எப்படி அமிழ்த்துவது, ஒளி எங்கே விழுகிறதென்று எப்படிப் பார்ப்பது என்று படிப்படியாக எழுதியிருக்கிறார். நான் சொல்வதை நம்பாதே, நீயே செய்து பார் என்கிற தொனி அது. ரெக்கார்டு நோட்டில் ‘செய்முறை’ என்று நாம் எழுதுகிற பகுதிக்குத் தந்தை என்று அவரைத்தான் சொல்வேன்.

ஐரோப்பாவுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் விட்டெலோ என்ற அறிஞர் பெரிய ஒளியியல் நூல் ஒன்றை எழுதினார். அதில் விலகல் அட்டவணைகள் உண்டு, எண்கள் தாலமியுடையவை. அவற்றோடு நிறுத்தியிருக்கலாம். நீரிலிருந்து காற்றுக்கு ஒளி வரும்போது எவ்வளவு விலகும் என்று எதிர்த்திசைக்கும் ஒரு பட்டியல் சேர்த்தார். அதையும் 80 பாகை வரை நிரப்பினார். நீருக்குள்ளிருந்து 48½ பாகையைத் தாண்டிச் சாய்வாக வரும் ஒளி வெளியே வருவதே இல்லை. முழுக்க முழுக்க நீருக்குள்ளேயே எதிரொளித்துத் திரும்பிவிடும். ஒருமுறையாவது தொட்டியில் அளந்து பார்த்தவர் அந்தக் கடைசி வரிகளை எழுதியிருக்க முடியாது. சோதனை செய்யாமலே ரெக்கார்டு எழுதுவதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்தப் பொய் அட்டவணைக்கு விலை கொடுத்தவர் யோகான்னஸ் கெப்ளர். 1604இல் அவர் வெளியிட்ட ஒளியியல் நூலின் தலைப்பே அது விட்டெலோவுக்கு ஒரு பின்னிணைப்பு என்று சொல்கிறது. விலகலின் விதியைப் பிடிக்க அவர் என்னென்னவோ சூத்திரங்களைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றையும் விட்டெலோவின் எண்களோடு ஒப்பிட்டார். எதுவும் ஒட்டவில்லை. எப்படி ஒட்டும்? எண்களே இயற்கையுடையவை அல்லவே. கடைசியில் 1611இல், சின்னக் கோணங்களுக்கு மட்டும் பொருந்துகிற தோராய விகிதம் ஒன்றோடு அவர் திருப்திப்பட்டுக்கொண்டார்.

அதே கெப்ளர்தான் அதே ஆண்டுகளில் செவ்வாய் கிரகத்தின் பாதையையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே அவர் கையில் இருந்தவை டைக்கோ பிராஹே இரவு இரவாக வானத்தைப் பார்த்து, அப்படியே எழுதி வைத்த ரீடிங்குகள். கணக்குக்கும் ரீடிங்குக்கும் வெறும் 8 கலை வித்தியாசம் வந்தது. டைக்கோ 8 கலை தப்பு செய்யமாட்டார் என்று கெப்ளருக்குத் தெரியும். ஆகவே தன் சூத்திரத்தைத் தூக்கி எறிந்தார். நீள்வட்டப் பாதை கிடைத்தது. ஒரே மூளை, ஒரே உழைப்பு. நேர்மையான ரீடிங்கை நம்பிய இடத்தில் அழியாத விதி கிடைத்தது. திருத்திய அட்டவணையை நம்பிய இடத்தில் வெறுங்கை. என் மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சொன்ன கதை இதுதான்.

விதி அப்போது இங்கிலாந்தில் ஒருவரின் கைப்பெட்டியில் இருந்தது. லண்டனுக்கு அருகே சையன் மாளிகையில் வசித்த தாமஸ் ஹாரியட், மற்றவர் அட்டவணையை நம்பாமல் தானே அளந்து, 1602இலேயே சைன் விதியைக் கண்டுவிட்டார். அவருக்கும் கெப்ளருக்கும் 1606 முதல் கடிதப் போக்குவரத்துகூட இருந்தது. பல திரவங்களுக்கும் கண்ணாடிக்கும் அளந்த கோணங்களை அனுப்பினார். விதியை மட்டும் சொல்லவில்லை. 1621இல் ஹாரியட் இறந்தார். அதே 1621இல் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெபிரார்ட் ஸ்நெல் அதே விதியைத் தனியே கண்டார். அவரும் அச்சிடாமலே 1626இல் காலமானார். கடைசியில் 1637இல் அதை அச்சில் ஏற்றியவர் ரெனே தெகார்த். நம் பாடப்புத்தகங்கள் ஸ்நெல் பெயரைச் சொல்கின்றன; பிரெஞ்சுக்காரர்கள் தெகார்த் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

விதி கிடைத்ததும் சண்டை தொடங்கியது. அடர்ந்த ஊடகத்தில் ஒளி வேகமாகப் போகிறது என்று வைத்துத்தான் தெகார்த் விளக்கம் தந்தார். 1662இல் கணிதவியலாளர் ஃபெர்மா அதை மறுத்து, ஒளி மிகக் குறைந்த நேரமாகும் பாதையைத் தேர்கிறது, அடர்ந்த ஊடகத்தில் மெதுவாகவே போகிறது என்றார். இரண்டு வழியிலும் அதே சைன் விதிதான் வருகிறது. கோணத்தை எத்தனை முறை அளந்தாலும் யார் சொன்னது சரி என்று தீராது. 1850இல் பாரிஸில் லியோன் ஃபூக்கோ சுழலும் கண்ணாடியை வைத்து, ஒளி காற்றைவிட நீரில் மெதுவாகப் போகிறது என்று காட்டிய பிறகே வழக்கு முடிந்தது.

இதற்கு நடுவில் நியூட்டன். 1672இல் அவர் எழுதிய கட்டுரையைக் கவிதை மாதிரி மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. நான் அதில் உள்ள எண்களுக்காகப் படிப்பேன். சன்னல் கதவில் கால் அங்குலத் துளை. முப்பட்டகத்தின் கோணம் 63 பாகை 12 கலை. சுவர் 22 அடி தூரத்தில். சுவரில் விழுந்த வண்ணப்பட்டையின் அகலம் 2⅝ அங்குலம், நீளம் 13¼ அங்குலம். அன்றிருந்த விதிப்படி பிம்பம் வட்டமாக இருந்திருக்க வேண்டும். நீளமோ அகலத்தைப் போல 5 மடங்கு. கண்ணாடியில் குறை இருக்கும், துளை சரியில்லை என்று தள்ளிவிட்டுப் போகாமல், ஒவ்வொரு சாக்கையும் தனித்தனியே சோதித்து நீக்கினார். வண்ணத்துக்கு வண்ணம் விலகல் வேறு என்பது அப்படித்தான் நிலைநாட்டப்பட்டது.

அந்தக் கட்டுரையில் எங்கள் ஆய்வகத்துக்கே உரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. முப்பட்டகத்தை மெல்லத் திருப்பும்போது சுவரில் பிம்பம் ஒரு பக்கமாக நகரும், ஓர் இடத்தில் நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பும். நிற்கிற அந்த நிலையில்தான் ஒளி உள்ளே நுழையும் கோணமும் வெளியே வரும் கோணமும் சமம். நியூட்டன் முப்பட்டகத்தை அந்த நிலையில் வைத்தே அளந்தார். நாம் சிறும திசைமாற்றம் என்று பாடத்தில் படிப்பதும், ஆய்வகத்தில் மினிமம் டீவியேஷன் என்று பேசுவதும் அதைத்தான்.

வண்ணத்துக்கு வண்ணம் விலகல் வேறு என்றால், ‘இந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் இவ்வளவு’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த வண்ணத்துக்கு என்று சொல்லியாக வேண்டும். மஞ்சள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? வானவில்லில் கோடு கிழித்து வைத்திருக்கிறதா?

கிழித்துத்தான் வைத்திருக்கிறது என்று கண்டவர் யோசெப் பிரான்ஹோஃபர். 1787இல் பவேரியாவின் ஷ்ட்ராவ்பிங்கில் கண்ணாடித் தொழிலாளி வீட்டில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, மியூனிக்கில் கண்ணாடிப் பட்டறையில் எடுபிடியாக இருந்தவர். 1801இல் பட்டறைக் கட்டடம் இடிந்து விழுந்தது. இடிபாடுகளிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். பின்னர் பெனடிக்ட்பாய்ர்னில் பழைய மடாலயம் ஒன்றில் நடந்த கண்ணாடித் தொழிற்சாலையில் சேர்ந்து, தொலைநோக்கி லென்சுகளுக்குக் கண்ணாடி உருக்கினார். நல்ல லென்ஸ் வேண்டுமானால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் கண்ணாடியின் விலகல் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு அவர் எடுத்த கருவி, நில அளவையாளர்கள் மலையையும் கோபுரத்தையும் பார்த்துக் கோணம் எடுக்கும் தியோடலைட். அப்போதுதான் நம் ஊரில் லாம்டன் என்ற நில அளவையாளர் அதே வகைக் கருவி ஒன்றை, அரை டன் எடையுள்ள ஒன்றை, மாட்டையும் ஆளையும் வைத்து இழுத்துக்கொண்டு தென்னிந்தியாவை அளந்துகொண்டிருந்தார். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டுத் தொடங்கிய வேலை அது. அங்கே நிலத்தின் கோணத்தை எடுத்த கருவியை பிரான்ஹோஃபர் ஒளியின் பக்கம் திருப்பினார். முப்பட்டகத்தைத் தியோடலைட்டின் முன்னே வைத்து, சிறும திசைமாற்ற நிலைக்குத் திருப்பி, தொலைநோக்கி வழியே பார்த்தார்.

விளக்கு வெளிச்சத்தில் எப்போதும் ஒரே இடத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சூரிய ஒளியிலும் அந்தக் கோடு இருக்கிறதா என்று 1814இல் பார்த்தார். அந்த இடத்தில் இருந்தது ஒளிக்கோடு அல்ல, இருட்டுக்கோடு. அது மட்டுமா, வண்ணப்பட்டை நெடுக எண்ணற்ற இருட்டுக்கோடுகள். அவர் 574 கோடுகளை எண்ணிக் குறித்தார். முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துகளால் பெயரிட்டார். மஞ்சளில் விழுவது டி. இனி ‘மஞ்சளுக்கு’ என்று மங்கலாகச் சொல்ல வேண்டியதில்லை, ‘டி கோட்டுக்கு’ என்று சொன்னால் போதும். அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிகளுக்கும் நீருக்கும் ஒளிவிலகல் எண்ணை ஆறு தசம இடம் வரை கொடுத்தார். 1859இல் ஹைடெல்பர்கில் கிர்க்காஃபும் புன்சனும் டி கோடு சோடியத்தின் கையெழுத்து என்று விளக்கினார்கள். பிரான்ஹோஃபர் 1826இலேயே, 39 வயதில் போய்விட்டார்.

கல்லூரி ஆய்வகத்து நிறமாலைமானி அந்தத் தியோடலைட்டின் வாரிசுதான். நில அளவைக் கருவிக்கு இருக்கிற எல்லாம் இதற்கும் உண்டு: மட்டம் பார்க்கும் மூன்று திருகுகள், பாகை குறித்த வட்டத்தட்டு, மெல்ல நகர்த்தும் டேன்ஜென்ட் ஸ்க்ரூ, குறுக்குக் கம்பியுள்ள தொலைநோக்கி. பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631இல் வெளியிட்ட நகரும் அளவுகோலும் உண்டு. தட்டில் அரைப் பாகைக்கு ஒரு கோடு; வெர்னியரில் 30 பிரிவுகள்; எனவே மீச்சிற்றளவு ஒரு கலை. கூடுதலாக இருப்பவை, பிளவு வழியே வரும் ஒளியை இணைக்கற்றையாக்கும் கொலிமேட்டரும் நடுவில் முப்பட்டகம் வைக்கும் மேடையும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இவை பெரும்பாலும் அரியானாவின் அம்பாலாவிலிருந்து மரப்பெட்டியில் வரும். ஆய்வகக் கருவிகள் செய்வதில் பேர்போன ஊர் அது.

சோதனையின் அழகு, எதிரொளிப்பும் விலகலும் அதில் ஒரே சூத்திரத்தில் வந்து சேர்வது. முப்பட்டகத்தின் உச்சியைக் கொலிமேட்டருக்கு நேரே வைத்தால் ஒளி இரண்டு முகங்களிலும் பட்டு இரண்டு பக்கமும் எதிரொளிக்கும். இடப்பக்கப் பிம்பத்துக்கும் வலப்பக்கப் பிம்பத்துக்கும் இடையே தொலைநோக்கி கடக்கும் கோணம், முப்பட்டகக் கோணத்தைப் போலச் சரியாக இரு மடங்கு. இது ஹீரோ காலத்து விதி. பிறகு முப்பட்டகத்தைத் திருப்பி வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு நகர்ந்து, நின்று, திரும்புகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். இது நியூட்டன் செய்தது. இரண்டு கோணங்களையும் கூட்டிப் பாதியாக்கி சைன் எடுத்து, முப்பட்டகக் கோணத்தில் பாதியின் சைனால் வகுத்தால் ஒளிவிலகல் எண். முப்பட்டகக் கோணம் 60 பாகை, திசைமாற்றம் 37 பாகை 12 கலை என்றால் விடை 1.50. திசைமாற்றத்தில் ஒரு கலை பிசகினால் விடை மாறுவது நான்காம் தசம இடத்தில்தான், அதுவும் 0.0002. தாலமியின் தட்டில் அரைப் பாகைதான் பேச்சு. இந்தக் கருவி அதைவிட 30 மடங்கு நுட்பமானது. இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையின் கையில் இப்படி ஒரு கருவி கிடைப்பது சாமானியமல்ல.

அப்படிக் கிடைத்த கருவியை ஒரு பையன் என்ன செய்தான் என்பதற்குச் சென்னையே சாட்சி. மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், கல்லூரியின் சாதாரண நிறமாலைமானியில் முப்பட்டகக் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். ஒளி முகத்தின் மீது மிகச் சாய்வாக விழும்போது பிம்பத்துக்கு இருபுறமும் மெல்லிய பட்டைகள் தெரிந்தன. அவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. செய்முறையில் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குறுக்குக் கம்பியைப் பிம்பத்தின் மேல் வைத்து ரீடிங் எடு என்று மட்டும்தான் இருக்கும். ராமன் ரீடிங்கை எடுத்துவிட்டுப் போகவில்லை. பட்டைகள் ஏன் சமச்சீராக இல்லை என்று ஆராய்ந்தார். செவ்வகத் திறப்பின் சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகள் பற்றிய அந்தக் கட்டுரை 1906 நவம்பரில் லண்டன் ‘பிலசாபிக்கல் மேகசின்’ இதழில் வெளிவந்தது. அவருக்கு அப்போது 18 வயது. அதுதான் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போதும் அதே புத்திதான். கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பு என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். நீரின் மேற்பரப்பில் சுமார் 53 பாகையில் எதிரொளிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிரும்; நிக்கோல் பட்டகத்தைத் திருப்பிப் பிடித்தால் அது அணைந்துவிடும். ராமன் அப்படிப் பிடித்துப் பார்த்தார். எதிரொளிப்பு போன பிறகும் நீலம் போகவில்லை. இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அதிலிருந்து பிடித்துக்கொண்டுதான் 1928 பிப்ரவரி 28இல் கல்கத்தாவில் ராமன் விளைவுக்கு வந்து சேர்ந்தார்.

இந்த அளவையெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் தேங்காய் எண்ணெயைக் காட்டுவேன். ஜெர்மனியில் யேனா நகரின் சைஸ் நிறுவனத்தில் எர்ன்ஸ்ட் ஆபே 1869இல் ஒரு கருவியை வடிவமைத்தார். இரண்டு முப்பட்டகங்களுக்கு நடுவே ஒரு சொட்டு திரவத்தை வைத்து, முழு அக எதிரொளிப்பு தொடங்கும் கோணத்தைப் பார்த்தே ஒளிவிலகல் எண்ணைச் சொல்லிவிடும். அந்தக் குடும்பத்துக் கருவிகள்தான் இன்றும் சர்க்கரை ஆலையில் கரும்புச்சாற்றைப் பார்ப்பவை, உணவு ஆய்வுக்கூடத்தில் நெய்யையும் எண்ணெயையும் சோதிப்பவை. இந்திய உணவுத் தரவிதிப்படி, 40 டிகிரி செல்சியஸில் பியூட்டிரோ ரிஃப்ராக்டோமீட்டரில் தேங்காய் எண்ணெயின் ரீடிங் 34க்கும் 35.5க்கும் இடையே இருக்க வேண்டும். வேறு எண்ணெயைக் கலந்தால் ரீடிங் நகர்ந்து காட்டிக்கொடுக்கும். அந்த ரீடிங்கை எடுக்கிறவரும் எங்களைப் போன்ற ஏதோ ஓர் ஆய்வகத்தில் படித்துத்தான் வந்திருப்பார். அங்கே அவர் வெர்னியர் இரண்டைப் பார்க்காமல் 180ஐக் கூட்டப் பழகியிருந்தால், நாம் வாங்கும் எண்ணெய்க்கு யார் உத்தரவாதம்?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ‘கண்ணாடி என்றால் 1.5 வர வேண்டும்’ என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிறோம். வருகிற எக்ஸ்டர்னல் கடைசி வரியை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுகிறார். அடர்ந்த ஃபிளின்ட் முப்பட்டகத்தை வைத்து ஒழுங்காக அளந்து 1.62 என்று எழுதிய மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, பக்கத்து நோட்டைப் பார்த்து 1.50 என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாணவி மறுபடி ஒருநாளும் நேர்மையாக ரீடிங் எடுக்க மாட்டாள். நாமே ஒரு விட்டெலோவை உருவாக்கி அனுப்புகிறோம்.

பள்ளியிலும் கல்லூரியிலும் இப்போது பணியில் இருக்கும் இயற்பியல் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஒவ்வொரு மேசைக்கும் வெவ்வேறு கண்ணாடியில் செய்த முப்பட்டகத்தைக் கொடுங்கள். என்ன விடை வரும் என்று சொல்லாதீர்கள். அடித்துத் திருத்தாத, பென்சிலால் எழுதாத, ஒன்றுக்கொன்று ஓரிரு கலை முரண்படுகிற ரீடிங்குகளுக்கு மதிப்பெண் போடுங்கள். முரண்பாடு ஏன் வந்தது என்று வைவாவில் கேளுங்கள். பிம்பத்துக்குப் பக்கத்தில் ஏதோ பட்டை தெரிகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைப் பார்க்காதே என்று அதட்டாமல் நீங்களும் குனிந்து பாருங்கள். ரிசல்ட்டுக்கென்று ஒதுக்கியிருக்கும் மதிப்பெண்ணில் பாதியை அடுத்த தேர்விலேயே அப்சர்வேஷனுக்கு மாற்றுங்கள்; அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.